எழும்பச் சொன்னால்

அக்கா எங்கேயும் சட்டென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலியாகக் கிடக்கிற நாற்காலியாக இருந்தாலும் முதலில் அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் யாராவது இருந்தால் "இதிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்பார். யாரும் இல்லாவிட்டால் வாசலை ஒரு தடவை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விளிம்பில் கால்வாசி உட்காருவார். கைப்பை மடியை விட்டு இறங்காது.

பேரைச் சொல்லப் போவதில்லை. ஆக்லாந்தில் எவ்வளவு தமிழர் வந்து சேர்ந்தாலும் எல்லாம் ஒரே தெருக்காரர்கள் மாதிரிதான். காலையில் ஒரு பேரைச் சொன்னால் மதியத்துக்குள் மாமியார் யார், மருமகன் யார், எந்த ஊர் என்று எடுத்துவிடுவார்கள். அதோடு அவர் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு உண்டு. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அவர் பஸ் ஓட்டினார். நான் ஹென்டர்சனில் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை. வீடு வாங்குகிற விற்கிற பத்திரங்களை வக்கீல் பார்ப்பதற்கு முன்னால் படித்து, எங்கே இடிக்கிறது என்று பென்சிலில் குறித்து வைப்பவள். ஒரு மழை நாள் காலையில் போனில் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினேன். "தங்கச்சி, குடை" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் டிரைவர். குடையை மறந்தது பெரிதில்லை. இருபது நிமிஷமாக நான் திண்டுக்கல் பாஷையில் கொட்டியதை எல்லாம் ஒருத்தர் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார் என்பதுதான் மானக்கேடு. குடையை வாங்கும்போது, "அவரும் பாவம், விடும்" என்றார். அப்படித்தான் பழக்கம்.

பஸ்ஸில் டிரைவர் சீட்டிலாவது நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார் என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன்.

"அதிலையும் பாதி வழியிலை ஆள் மாத்த வருவினம், தங்கச்சி. கண்ணாடியிலை தட்டுவினம். அவை தட்ட முதலே நான் எழும்பி நிப்பன்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

"எழும்பச் சொன்னா?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கிற கேள்வி. புது வேலை, வாடகை வீடு, கோயிலில் முன்வரிசை, எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதுதான் முதலில் வரும். உள்ளே போவது எப்படி என்று கேட்கவே மாட்டார். நாங்கள் வீட்டில் அதை வைத்து விளையாடுவோம். சோபாவில் கால் நீட்டிக் கிடக்கும் என் வீட்டுக்காரரை நான் துடைப்பமும் கையுமாக வந்து "எழும்பச் சொன்னா?" என்று மிரட்டுவேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியாத காலம் அது.

ஒரு முறை மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, நம் ஊரில் பூப்பு நீராட்டு விழா என்போமே, அது. என் தோழியின் மகளுக்கு. அக்காவை நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில், சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மாதிரி உடுத்திய ஒருத்தர் அந்தப் பக்கம் நடந்து வந்தார். அக்கா எழுந்துவிட்டார். அவர் பாத்ரூமுக்குப் போகிறவர். மறுபடி உட்கார்ந்தார். ஒரு குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுந்துவிட்டார். மூன்றாம் தடவை போட்டோக்காரர் கேமராவை ஆட்டியதும் எழுந்தவர் பிறகு உட்காரவேயில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றே சாப்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள யாருக்கா எந்திரிக்கச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்புறம் என்ன?"

"சொல்லியிருந்தா நான் இந்த மண்டபத்துக்குத் திரும்ப வரேலாதெல்லோ. கேக்க முதல் எழும்பினா மரியாதை மிஞ்சும், தங்கச்சி."

அவர் மகள் வீடும் ஹென்டர்சனில்தான். நல்ல வீடு. மகள் கணக்காளர், மருமகன் ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு பேரும் தங்கமானவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் போனால் மருமகன் எழுந்து நின்று "வாங்கோ" என்பார். "மாமி, இருங்கோ, நான் தேத்தண்ணி போடுறன்" என்பார். மாமி உட்கார மாட்டார். அவர் அறை கராஜை ஒட்டியது. பேரனின் படிப்பு மேசை அங்கேதான், துணி காயப்போடும் கம்பியும் அங்கேதான். அலமாரியில் பாதி காலியாக இருந்தது. அக்காவின் சேலைகளும் சட்டைகளும் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேசில் மடித்தபடி இருந்தன. "அலமாரியில வைக்கலாமேக்கா" என்றேன். "பழகிப் போச்சு" என்றார். அந்த வீட்டுக்கு வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் ஊரில் இருந்த வீட்டின் கதையைச் சொன்னார். பேரனின் சட்டைகளை மடித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அவருடைய அம்மா அவருக்குச் சீதனமாகத் தந்த வீடு. அங்கே வீடு பெண் வழியில்தான் போகும். மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, அக்காவின் புருஷன் இறந்து நாலு வருஷம். வீட்டை மகள் பேருக்கு எழுதினார். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாராம், "சீவிய உருத்து வைக்கிறியளோ?" என்று. எழுதிக் கொடுத்தாலும் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை. பெற்றவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்வது. ஒரு வரி. மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த ஒரு வரியைக் கேட்க அக்காவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "என்ரை பிள்ளை என்னை எழுப்புவாளோ, தேவையில்லை எண்டு சொன்னன்" என்றார்.

மகள் எழுப்பவும் இல்லை. சில வருஷம் கழித்து இங்கே வீடு வாங்க முன்பணம் வேண்டியிருந்தது, அந்த வீட்டை விற்றார்கள். அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். கையெழுத்துக்குக்கூட அக்கா தேவைப்படவில்லை. "வித்தாச்சு அம்மா, நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்று போனில் சொன்னாள் மகள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? யாரையும் சொல்ல முடியாது. அதுதான் அக்காவுக்குத் தீராமல் நின்றது. குற்றம் சொல்ல ஆளிருந்தால் ஒரு நாள் சண்டை போட்டாவது ஆறியிருப்பார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் மதியம் டிரைவர் உடுப்போடு என் ஆபீசுக்கு வந்து, ஐந்து காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

"ஒரு துண்டு வாங்கப் போறன், தங்கச்சி. வாசிச்சுச் சொல்லும்."

இந்த ஊரில் ஹாலிடே பார்க் என்று உண்டு. கேம்பர்வேன், கேரவன் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தித் தங்குகிற இடம். கரண்ட், தண்ணீர் இருக்கும். குளியலறையும் சமையலறையும் பொது. சில பார்க்குகளில் வண்டி நிற்கும் துண்டு நிலத்தை விலைக்குக் கொடுப்பார்கள். விலைக்கு என்று பேச்சே தவிர, நிலம் நம் பேருக்கு வராது. இத்தனை வருஷம் இந்தத் துண்டில் நீ இருந்துகொள்ளலாம் என்று ஓர் உரிமம், அவ்வளவுதான். பாபகூரா தாண்டி, மனுகாவ் கடலோரத்தில் அப்படி ஒன்றை அக்கா பிடித்திருந்தார். ஒரு பழைய கேம்பர்வேனும் பார்த்து வைத்திருந்தார். "பஸ் ஓடினவளுக்கு அது ஒரு சின்னப் பெட்டி" என்றார். பேரம் பேசி, கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை எழுதச் சொல்லியிருந்தார்: வக்கீல் பார்த்துச் சரி என்றால்தான் செல்லும். அதற்குப் பதினைந்து வேலை நாள் அவகாசம்.

அடுத்த சனிக்கிழமை இடத்தைப் பார்க்கப் போனோம். என் காரை அவரே ஓட்டினார். பார்க்கின் ஒரு மூலையில், கடைசித் துண்டு. பின்னால் ஒரு பொஹுடுகாவா மரம், முன்னால் கடல். கடல் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றி ஒரே சேறு. நண்டுப் பொந்துகளும் நீள மூக்குப் பறவைகளும்தான். எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பார்க் மேனேஜரிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். இங்கிலீஷில்தான் கேட்டார்: இங்கே நான் உட்கார்ந்தால் என்னை யார் எழுப்பலாம்? அந்த ஆள் சிரித்து, யாரும் எழுப்ப மாட்டார்கள் அம்மா, உங்கள் இடம் என்றார்.

காரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து அந்தத் துண்டின் நடுவில் விரித்தார். யாரையும் கேட்கவில்லை, வாசலைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, பையைக் கீழே புல்லில் வைத்தார். முதுகு முழுக்கச் சாய்ந்தது. நான் மேனேஜரிடம் கழிவுநீர் எங்கே போகிறது, வெள்ளம் வருமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், அக்கா வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருக்கிறார். ஒரு மணி நேரம் தூங்கினார். நான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படித்தேன்.

படிக்கப் படிக்கப் பென்சில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது, நடுவில் வெளியே போய்விட்டு வர வேண்டும். இதை முழுநேர வீடாக வைத்துக்கொள்ளக் கூடாது. வருஷக் கட்டணத்தை அவர்கள் ஏற்றலாம், எவ்வளவு என்று எல்லை இல்லை. வண்டி ரொம்பப் பழசானால் மாற்றச் சொல்லலாம். விற்க வேண்டுமென்றால் அவர்கள் ஆபீஸ் மூலமாகத்தான் விற்க வேண்டும். மண்ணில் ஒரு செடி வைக்க அனுமதி வேண்டும். பதினேழாம் பக்கத்தில் இருந்ததுதான் பெரிய கொடுமை. பார்க்கின் நிலத்தை வேறு யாருக்காவது விற்றாலோ, வேறு உபயோகத்துக்கு எடுத்தாலோ, ஆறு மாச நோட்டீஸ் கொடுத்து உரிமத்தை முடித்துவிடலாம். நஷ்டஈடு கிடையாது.

எங்கள் வக்கீலிடம் காட்டினேன். அவர் நிதானமான மனிதர். "நீ குறித்ததெல்லாம் சரி. எல்லா ஆபத்தும் நிஜம். எழுதிக் கொடு. எடுப்பதும் விடுவதும் அந்த அம்மா இஷ்டம்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். நான் ஒதுங்கவில்லை. பழகின மனுஷி, கையில் இருக்கிற சேமிப்பு முழுக்கப் போடப் போகிறார், என் கை பட்ட காகிதம். நாளைக்கு ஒன்று ஆனால் ஊர் என்னைத்தானே கேட்கும்? இப்படித்தான் அன்றைக்கு எனக்கு நியாயம் தோன்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரை என் சமையலறையில் உட்கார வைத்து, கால்வாசிதான் உட்கார்ந்தார், பக்கம் பக்கமாகச் சொன்னேன்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஒரு மாசத்துக்கு ஒருக்கா மகள் வீட்டில் ரெண்டு நாள் நின்றுவிட்டு வந்தால் போச்சு. கட்டணம் ஏறினால் இன்னும் ரெண்டு ஷிப்ட் ஓடலாம். செடி வைக்காவிட்டால் என்ன, வாளியில் கறிவேப்பிலை வளர்க்கலாம்.

"அங்கை பதினெட்டு வருசம் எண்டு எழுதிக் கிடக்குது, தங்கச்சி" என்றார். "மகள் வீட்டிலை எனக்கு ஒண்டும் எழுதேல்லை."

அந்த வார்த்தையில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. என் பக்கம் ஒரு பெரிய துருப்பு இருப்பதாக நினைப்பு.

"அக்கா, நம்ம ஊர்ல ரெண்டு வழிதான். கிரயம்னா நிலம் நமக்கு. ஒத்தின்னா நிலம் அவங்களுக்கு, ஆனா போட்ட பணம் போகும்போது முழுசாத் திரும்பி வரும். உங்க ஊர்லயும் ஒத்தி உண்டுதானே?"

"ஓம், இருக்குது."

"இது கிரயமும் இல்ல, ஒத்தியும் இல்ல. நிலமும் வராது, பணமும் வராது. இதுக்கு என்னக்கா பேரு?"

இந்த ஊரில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, இங்கே பிறந்த ஆயிரம் பேர் அப்படி ஒரு துண்டை வாங்கி, சந்தோஷமாக உட்கார்ந்து, போகும்போது போட்டது வருகிறதா என்று பார்க்காமல் போகிறார்கள் என்பது எங்கள் இருவர் மண்டைக்கும் அன்று எட்டவில்லை. இருந்த வருஷங்களுக்குத்தான் அந்தப் பணம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கோ நிலம் என்றால் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் காசு திரும்ப வேண்டும். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் நொத்தாரிசு ஆபீஸ் வாசலிலேயே நின்றோம்.

பதினைந்தாம் நாள் ஆபீசுக்கு வந்தார். முகத்தைப் பார்த்தால் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அப்போது நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பதினேழாம் பக்கத்தைத் திருப்பி, பென்சில் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து, அவர் வார்த்தையிலேயே சொன்னேன்.

"இதுதான்க்கா. அவங்க நினைச்சா உங்கள எழும்பச் சொல்லலாம். எழுதியே வச்சிருக்காங்க."

இதைச் சொன்னால் அவர் பின்வாங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அக்கா அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார்.

"அப்ப வேண்டாம், தங்கச்சி" என்றார்.

நாலு மணிக்குள் கடிதம் அனுப்பினேன். முன்பணம் முழுக்கத் திரும்பி வந்தது. அடுத்த வாரம் ஒரு டப்பா நிறையப் பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வந்து தந்தார். "நல்ல காலம், நீர் இருந்தீர்" என்றார். என் வக்கீலுக்கும் நாலு கொடுத்தேன். ஒருத்தரைப் படுகுழியிலிருந்து காப்பாற்றிய பெருமையில் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். இங்கே இருக்கிற பாதிப் பேரைப் போல அந்த மகள் குடும்பமும் ஆஸ்திரேலியா கிளம்பியது. பெர்த்தில் மருமகனுக்கு இன்னும் நல்ல வேலை. வீடு விற்பனைக்குப் போனது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "அம்மாவும் வாறாதானே" என்று மகள் என் முன்னால் சொன்னாள், அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அவளுக்கு அப்போது வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். அக்கா தனியாக ஓர் அறை பார்த்தார். பாபகூராவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கராஜ் வீட்டைப் பார்த்து, எழும்பச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அவர்கள் சிரித்து, ஒன்றும் சரிவரவில்லை. அந்தக் கடலோரத் துண்டு அதற்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கைக்குப் போயிருந்தது. பஸ் கம்பெனியில் ராஜினாமா கொடுத்தார். வீடு பார்க்க ஆட்கள் வருகிற நாட்களில் அவரே தன் சூட்கேசைக் காரில் ஏற்றிவிட்டு, கட்டிலை உதறிப் போட்டு, நூலகத்தில் போய் நின்றுவிட்டு வருவார். அந்த அறையில் ஒருவர் இருந்ததாக வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இனி என் கதை. சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் முடிக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, அவர் நடப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு கேரவனில் வந்து நின்றது. எங்கே நிறுத்துவது என்று தேடினோம். அந்தப் பார்க்கின் அந்த மூலைத் துண்டு விற்பனைக்கு வந்திருந்தது. கிழவருக்கு முடியவில்லையாம். உரிமத்தில் சில வருஷங்கள் கழிந்துவிட்டதால் விலையும் குறைவு. ஒப்பந்தம் அதேதான். பதினேழாம் பக்கமும் அதேதான். ஒரு சாயங்காலம் படித்தேன், மறுநாள் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர்கூட, "என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்றார்.

எனக்கு ஏன் பயம் வரவில்லை? சொந்த வீடு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நாளைக்கே நோட்டீஸ் வந்தாலும் கேரவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. அக்காவுக்காக நான் அந்த ஆபத்துகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தபோது, வாங்காமல் போனால் அவருக்கு என்ன ஆபத்து என்று ஒரு தடவைகூட நிறுத்துப் பார்க்கவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

மூன்று கோடைக்காலம் ஆகிவிட்டது. யாரும் எங்களை எழுப்பவில்லை. பார்க் விற்கவும் இல்லை, கட்டணமும் பெரிதாக ஏறவில்லை. சேறு எனக்கும் பிடித்துப் போய்விட்டது. ஆனால் ஒரு நாள்கூட அக்கா தூங்கிய அந்த மடக்கு நாற்காலியில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

அக்கா பெர்த்திலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவார். குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார், பின்னால் எப்போதும் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தூங்கும் அறையில்தான் அவர் படுக்கை, அதனால் பேசுவதற்குத் துணி துவைக்கும் அறைக்குத்தான் வந்து நிற்பார். பஸ் ஓட்ட அங்கே யாரும் விடவில்லை. இரட்டையரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. இந்தப் பொங்கலுக்குக் கூப்பிட்டபோது நாங்கள் பார்க்கில் இருந்தோம். பொதுச் சமையலறையில் பொங்கல் வைத்துக்கொண்டு வந்து கேரவன் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"எங்கை நிக்கிறீர்? குருவிச் சத்தம் கேக்குது" என்றார்.

"வீட்லதான்க்கா" என்றேன்.

அவர் அங்கே கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "தங்கச்சி, ஒரு உதவி. நான் திரும்பி வரப் போறன்" என்றார். "பிள்ளையள் இந்த வருசம் பள்ளிக்கூடம் போகுதுகள். என்ரை காசு அப்பிடியே கிடக்குது. அந்தக் கடற்கரைத் துண்டு இருக்கெல்லோ, மரத்துக்குக் கீழை. அதை இப்ப ஆர் வச்சிருக்கினம் எண்டு ஒருக்கா விசாரியும். குடுக்கிற எண்ணம் இருந்தா எனக்கு வேணும். எனக்கு அறுபத்திமூண்டு வயசாகுது. எத்தினை வருசம் மிச்சம் இருந்தாலும் எனக்குப் போதும்."

"பாத்துச் சொல்றேன்க்கா."

"மகளுக்கு இன்னும் சொல்லேல்லை. இடம் சரிவந்தாத்தான் சொல்லுவன். இடமில்லாமல் வெளிக்கிடுறன் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை."

போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கொடுத்திடலாமா?" என்றும் கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன். அவர் பொங்கலை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"அது ரிஸ்க்குன்னு சொன்னவ நீதானே?" என்றார். "அவங்களுக்கு வேற வீடு வாசல் கிடையாது. வருஷமும் குறைஞ்சு போச்சு. தெரிஞ்சே அத அவங்க தலையில கட்டலாமா?"

எவ்வளவு சரியான பேச்சு. நான் பென்சிலில் கோடு போட்டுச் சொன்ன அதே பேச்சு. எதிர்த்து ஒரு வார்த்தை வர நான் விடவில்லை. எனக்கும் அந்த இடம் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"விசாரிச்சீரோ?"

"விசாரிச்சேன்க்கா."

"ஆராம்?"

"யாரோ ஒரு புருஷன் பொண்டாட்டி. நம்ம ஆளுங்க இல்ல போல. விக்கிற யோசனை இல்லையாம்."

அவர் பக்கம் வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எங்கள் துண்டின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மூச்சு விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவையிலை என்ன பிழை. நான் எண்டாலும் குடுக்க மாட்டன்."